அப்பாவின் நல்ல காது

ஆசிரியருக்கு வணக்கம்.

கார் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் அப்பா சென்ற மாதம் காலமானார். ஹென்றி ஃபோர்டு 1913-இல் கார் நகர்ந்து வர, ஆட்கள் நின்ற இடத்திலேயே பாகங்களைப் பொருத்தும் அசெம்பிளி லைனைக் கொண்டுவந்ததும், ஒரு காரைப் பொருத்தி முடிக்க 12 மணி நேரத்துக்கு மேல் ஆனது சுமார் ஒன்றரை மணி நேரமாகக் குறைந்தது என்று பலரும் எழுதுகிறார்கள். அந்த வேகத்துக்கு ஈடுகொடுத்த உடம்புகளைப் பற்றி அதிகம் எழுதுவதில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

அப்பா, தகடுகளை அழுத்தி கார் பாகங்களாக வடிவமைக்கும் பிரஸ் ஷாப்பில் இருந்தார். தகடு அடிக்கும் சத்தத்தில் ஐம்பது வயதுக்குள் இடது காது மந்தமாகிவிட்டது. நைட் ஷிப்ட் முடிந்து வந்தாலும் உடனே படுக்க மாட்டார். நான் பள்ளிக்குக் கிளம்பும்வரை கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அப்புறம்தான் தூக்கம். சக்கரத்து நட்டுகளை வரிசையாக இறுக்கக் கூடாது, எதிரெதிராகத்தான் இறுக்க வேண்டும், அப்போதுதான் சக்கரம் சமமாக உட்காரும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான்.

தெருவில் அவருடைய தொழிற்சாலையில் செய்த மாடல் கார் வந்து நின்றால், அப்பாவும் நின்றுவிடுவார். கதவு சாத்தும் சத்தத்தைக் கேட்க, நல்ல காதைத் திருப்பி வைத்துக்கொள்வார்.

இப்படிக்கு,
ஒரு மகள்