எட்டாம் பக்கத்துப் படம் குறித்து

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வியாழக்கிழமை உங்கள் நாளிதழின் எட்டாம் பக்கத்தில், கீழே இடது ஓரத்தில், எங்கள் ஊர் அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் நடந்த நிகழ்ச்சி பற்றி ஒரு செய்தி படத்தோடு வந்திருந்தது. தலைமையாசிரியை பெயர், பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் பெயர், வார்டு உறுப்பினர் பெயர், நோட்டும் பேனாவும் கொடுத்த ஜவுளிக்கடை முதலாளி பெயர், அவர் மகன் பெயர் (மகன் வரவேயில்லை, அது வேறு கதை) எல்லாவற்றையும் வரிசையாகப் போட்டுவிட்டுக் கடைசி வரியில் இப்படி முடித்திருந்தீர்கள்: "திருநங்கை ஒருவரும் கலந்துகொண்டு மாணவிகளை உற்சாகப்படுத்தினார்."

அந்த ஒருவர் நான்தான்.

முக்கால் மணி நேரம் பேசியது நான். அழைப்பிதழில் 'சிறப்பு விருந்தினர்' என்று கொட்டை எழுத்தில் என் பெயரைப் போட்டு, அதன் கீழே 'மிஸ் கூவாகம்' பட்டம் பெற்றவர் என்றும் அச்சடித்திருந்தார்கள். உங்கள் நிருபர் கையில் அந்த அழைப்பிதழ் இருந்தது. அதை இரண்டாக மடித்து விசிறிக்கொண்டிருந்தார், மேடையிலிருந்தே பார்த்தேன்.

சரி, இடம் போதாமல் இருந்திருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். உங்களுக்கு இடம் எப்போது போதாமல் போகும், எப்போது தாராளமாகக் கிடைக்கும் என்பதுதான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. சித்திரையில் விழுப்புரத்தில் திருநங்கையருக்கான அந்த 'மிஸ் கூவாகம்' அழகிப் போட்டி நடந்தால் வண்ணப் பக்கமே எங்களுக்குத்தான். ஒய்யார நடையாம், அசத்தல் அழகிகளாம். நான் பட்டம் வாங்கிய ஆண்டு என் படத்தை நாலு கோணத்தில் போட்டீர்கள். ஆனால் அந்தப் போட்டியின் கடைசிச் சுற்றில் மேடையில் நிற்க வைத்துக் கேள்வி கேட்பார்கள் என்பது உங்கள் வாசகர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? எய்ட்ஸ் பற்றிக் கேட்பார்கள், பொது அறிவும் உண்டு. அதற்காக இரவெல்லாம் உட்கார்ந்து படித்தேன். நம் மாநிலத்தில் திருநங்கையருக்கு நல வாரியம் வந்தது 2008 ஏப்ரல் 15, எங்களை மூன்றாம் பாலினமாக உச்ச நீதிமன்றம் ஏற்றது 2014இல் அதே ஏப்ரல் 15 என்று இரண்டையும் சேர்த்துச் சொன்னேன். நல்ல கைதட்டல். மறுநாள் உங்கள் செய்தியில் நான் கட்டியிருந்த சேலையின் நிறம் மட்டும் இருந்தது. அதுவும் தப்பு. மயில் கழுத்து நிறத்தைப் பச்சை என்று போட்டிருந்தீர்கள்.

போட்டி முடிந்து கூவாகம் போனால் அங்கேயும் கேமராக்கள். கூத்தாண்டவர் கோயிலில் அரவானைக் கணவனாக ஏற்றுத் தாலி கட்டிக்கொள்ளும்போது எடுங்கள், பரவாயில்லை, அது சந்தோஷம். மறுநாள் அரவான் களப்பலி ஆனபின் தாலி அறுத்து, வளையல் உடைத்து, மாரில் அடித்துக்கொண்டு அழுவோமே, அப்போது முகத்துக்கு ஒரு முழம் தள்ளி லென்ஸை நீட்டுவதை என்னவென்று சொல்ல? ஒரு வருடம் என் குரு அழுகையை நிறுத்திவிட்டு, "தம்பி, கொஞ்சம் தள்ளி நில்லுப்பா" என்றார். அந்தத் தம்பி, "அம்மா, இன்னொரு தடவை அதே மாதிரி அழுங்கம்மா" என்றான். அவன் எந்தப் பத்திரிகை என்று எனக்குத் தெரியாது. உங்களுடையது என்று நான் சொல்லவில்லை. (கையோடு இதையும் சொல்லிவிடுகிறேன். 2019இல் மாவட்டத்தைப் பிரித்ததிலிருந்து கூவாகம் கள்ளக்குறிச்சியில் இருக்கிறது. உங்கள் பத்திரிகையில் மட்டும் அது இன்னும் விழுப்புரம் மாவட்டத்தை விட்டுப் போக மறுக்கிறது.)

உங்கள் பத்திரிகையின் இலக்கணத்தை நான் ரொம்ப நாளாகக் கவனித்து வருகிறேன். ரயிலில் யாரோ ஒருத்தி பயணியிடம் சண்டை போட்டால் 'திருநங்கைகள் அட்டகாசம்' என்று தலைப்பு. பன்மை. ஊரில் உள்ள அத்தனை பேரும் சேர்ந்து அந்த ஒரு பெட்டியில் ஏறியது போல இருக்கும். நல்லது ஏதாவது நடந்தால் உடனே 'திருநங்கை ஒருவர்'. ஒருமை, பெயரும் கிடையாது. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் தென்பெண்ணை ஊர்களுக்குள் புகுந்ததே, அப்போது நானும் என் மகள்கள் நான்கு பேரும் ஒரு கல்யாண மண்டபத்தில் மூன்று நாள் தக்காளி சாதமும் ரவா கிச்சடியுமாகக் கிளறிப் போட்டோம். கிச்சடி ஒரு நாள் அடிப்பிடித்துவிட்டது, அதையும் குறை சொல்லாமல் சாப்பிட்டார்கள். உங்கள் செய்தியில் 'தன்னார்வலர்கள் உணவு வழங்கினர்'. அங்கே அந்த 'ஒருவர்' கூட இல்லை.

எங்களை எந்தச் சொல்லால் எழுத வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் கேட்டு, 2022இல் தமிழக அரசு அரசிதழிலேயே பட்டியல் போட்டு வெளியிட்டது உங்களுக்குத் தெரியாததா? சொல்லைச் சரியாகத்தான் போடுகிறீர்கள், மறுக்கவில்லை. முன்பெல்லாம் பத்திரிகைகளில் என்னென்ன சொல் வரும் என்று நினைத்தால் இதற்கே கும்பிட வேண்டும். ஆனால் அந்த ஒரு சொல்லோடு ஆள் முடிந்துபோய்விடுகிறாளா, ஐயா?

பட்டத்தால் எனக்குக் கிடைத்தது ஒரு கிரீடம், ஒரு பட்டை, கொஞ்சம் பணம். பணம் சேலைக் கடனுக்கும் லாட்ஜ் வாடகைக்கும் போய்விட்டது. மிச்சமான ஒரே லாபம், பள்ளிக்கூட வாசலில் வாட்ச்மேன் என்னை நிறுத்தாமல் உள்ளே விடுகிறார். அது எனக்குச் சின்ன விஷயம் இல்லை. நான் ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். நிறுத்தினேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. கழிப்பறைக்குப் போகப் பயந்துகொண்டு காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருப்பேன். விளையாட்டு வாத்தியார் ஒருவர் மைதானத்தில் என்னை மட்டும் தனியாக நடந்து காட்டச் சொல்வார், பையன்கள் சிரிப்பார்கள். அந்த நடைக்குத்தான் பிறகு மேடையில் கிரீடம் வைத்தார்கள். பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதியபோது எனக்கு வயது இருபத்தாறு. பக்கத்து பெஞ்சுப் பையன் என்னை மேற்பார்வையாளர் என்று நினைத்து எழுந்து நின்றான்.

அதனால்தான் கூப்பிடுகிற பள்ளிக்கெல்லாம் போகிறேன். அழகுக் குறிப்பு சொல்லப் போவதில்லை. போனதும் கரும்பலகையில் குழந்தைகள் உதவி எண் 1098, கல்வி உதவி எண் 14417 என்று இரண்டு எண்களை எழுதிவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பேன். யார் சிரித்தாலும், யார் அடித்தாலும், வீட்டில் கல்யாணப் பேச்சு எடுத்தாலும் படிப்பை மட்டும் விடாதே என்பேன். போலீஸ் ஆக முடியுமா என்று எந்த ஊரிலும் ஒரு பிள்ளை கேட்கும். 2017இல் சப்-இன்ஸ்பெக்டர் ஆன திருநங்கை பிரித்திகா யாஷினி பெயரைச் சொல்வேன். அவர் பெயரை நீங்களும் போட்டீர்கள், மறக்கவில்லை. உயர் நீதிமன்றம் வரை போய் வந்தால் பெயர் போடுவீர்கள் போலிருக்கிறது.

எல்லாப் பள்ளியிலும் வரவேற்பு ஒன்றுபோல இருக்காது. ஓரிடத்தில், "பிளாஸ்டிக் ஒழிப்பு, மரம் நடுதல் இதுமட்டும் பேசுங்க, மற்றதெல்லாம் வேண்டாம்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். 'மற்றது' என்பது நான். மஞ்சப்பை பற்றி இருபது நிமிடம் பேசினேன். முடித்ததும் ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்று எழுந்து, "அக்கா, உங்களை வீட்ல சேர்த்துக்கிட்டாங்களா?" என்று கேட்டது. மஞ்சப்பையில் அதற்குப் பதில் ஏது?

அப்புறம் அந்தப் படம். கடிதம் எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான், எங்கெங்கோ போய்விட்டேன்.

எந்தப் பள்ளிக்குப் போனாலும் கிரீடத்தைக் கழற்றிப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுவேன். ஆளுக்கு ஒரு நிமிடம் வைத்துப் பார்ப்பார்கள். இதுவரை ஏழு கல் விழுந்திருக்கிறது, ஃபெவிக்விக் போட்டு ஒட்டிக்கொள்கிறேன். அன்றைக்கு நன்றியுரை சொன்னது ஒன்பதாம் வகுப்பு மாணவி. மேடை ஏறுவது அவளுக்கு அதுதான் முதல் தடவையாம். காகிதம் கிடுகிடுவென்று ஆடியது, ஆனால் ஒரு வரி விடாமல் வாசித்துவிட்டாள். இறங்கி வந்ததும் கிரீடத்தை அவள் தலையில் வைத்தேன். உங்கள் நிருபர் அப்போது எங்கள் இரண்டு பேரையும் நிற்க வைத்து எடுத்த படம்தான் அது. "நாளைக்குப் பேப்பர்ல வருமா சார்?" என்று அவள் கேட்டாள். "கண்டிப்பா வரும்மா" என்றார். அவளுடைய அப்பா மறுநாள் காலையில் டீக்கடையில் மூன்று பிரதி வாங்கியிருக்கிறார்.

நீங்கள் போட்ட படத்தில் நான் மட்டும்தான் இருக்கிறேன். கொஞ்சம் உற்றுப் பார்த்தால் என் முழங்கைக்கு மேலே நான்கு விரல்கள் தெரியும். அந்தப் பிள்ளையின் கை. வெட்டியவருக்கு அது யாருடைய விரல் என்று ஒரு சந்தேகம்கூட வரவில்லையா? எங்களைத் தொட்டுக்கொண்டு ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை நிற்பதைப் போட வேண்டாம் என்று யாராவது நினைத்தார்களா, அல்லது ஒரு பத்தி அகலத்துக்குள் அடங்கவில்லையா? இரண்டாவதாகவே இருக்கட்டும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

வெள்ளிக்கிழமை உங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். எடுத்தவர், "செய்தி வந்ததே பெரிய விஷயம்ங்க" என்றார். போன வருடம் வேறொரு பள்ளியில் கூரை ஒழுகுவதைச் சொல்லக் கூப்பிட்டபோது, "அதிருக்கட்டும், உங்க ஆபரேஷன் பத்தி ஒரு பேட்டி தருவீங்களா?" என்று கேட்ட குரல் மாதிரியே இருந்தது. கூரை இன்னும் ஒழுகுகிறது.

திருத்தம், வருத்தம் எதுவும் போட வேண்டாம். என் பெயரும் வேண்டாம், அது இல்லாமலே எனக்குப் பழகிவிட்டது. வெட்டாத அந்த முழுப் படத்தை மட்டும் பள்ளித் தலைமையாசிரியைக்கு அனுப்பி வையுங்கள். தபாலிலோ வாட்ஸ்அப்பிலோ, உங்களுக்கு எது வசதியோ அது. படத்துக்குக் கட்டணம் உண்டென்றால் சொல்லுங்கள், கட்டிவிடுகிறேன்.

இப்படிக்கு,
திருநங்கை ஒருவர்,
விழுப்புரம் மாவட்டம்.

பி.கு.: நிருபர் தம்பியைத் திட்ட வேண்டாம். நல்ல வெயிலில் பைக்கில் வந்தார், டீ கொடுத்தும் குடிக்காமல் அடுத்த நிகழ்ச்சிக்கு ஓடினார். வெட்டியது அவராக இருக்காது.