ராயபுரம் ரயில் நிலையம் 170: இன்னும் 63,500 ரூபாய் தேவை

ராயபுரத்துப் பெருமக்களுக்கு விழாக் குழுவின் வணக்கம்.

2026 ஜூலை 1 அன்று, நம் நிலையத்திலிருந்து முதல் ரயில் புறப்பட்டு 170 ஆண்டுகள் நிறைகின்றன. அதையொட்டிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வரலாற்றுச் சிறுநூலும், ஒரு படக்கண்காட்சியும் திட்டமிட்டிருக்கிறோம். அச்சகத்தார் மே 25-க்குள் முழுப் பணமும் கேட்கிறார்கள்.

1856 ஜூன் 28 அன்று ஆளுநர் ஹாரிஸ் பிரபு திறந்துவைத்த நிலையம் இது. ஜூலை 1 அன்று இங்கிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியதுதான் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில். பம்பாயிலும் ஹௌராவிலும் நமக்கு முன்பே ரயில் ஓடியது உண்மைதான். ஆனால் அங்கே அன்று எழுப்பிய நிலையக் கட்டடங்கள் இன்று இல்லை; நம் தூண்கள் நிற்கின்றன. இந்தியாவில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய ரயில் நிலையக் கட்டடம் நம்முடையதே. 1873-இல் சென்ட்ரல் வந்தது, பெரிய வண்டிகள் பிறகு அங்கே போயின. 1922-இல் ரயில்வே கம்பெனியின் தலைமையகமும் போயிற்று. கடற்கரையிலிருந்து ஆவடி, திருவள்ளூர், அரக்கோணம் செல்லும் மின்சார ரயில்கள்தாம் இன்று நம்மைத் தாங்குகின்றன. 2005-இல் கட்டடத்தைப் புதுப்பித்தபோது கண்கலங்கிய பெரியவர்களில் பலர் இப்போது நம்மோடு இல்லை.

செலவு இதுதான்: சிறுநூல் 2,000 படி, 90,000 ரூபாய். படப் பலகைகள் 24, 60,000 ரூபாய். மண்டப வாடகை, ஒலிபெருக்கி, வண்டிக்கூலி 35,000 ரூபாய். ஆக 1,85,000. சேர்ந்திருப்பது 1,21,500.

இதுவரை கொடுத்தவர்களை எப்படி வாழ்த்துவது? ஒரு மாத ஓய்வூதியத்தை அப்படியே உறையில் வைத்துத் தந்தார் ஓய்வுபெற்ற கார்டு ஐயா ஒருவர். மீன் விற்கும் தாய்மார்கள் ஒன்பது பேர் அன்றைய விற்பனையிலிருந்து ஆளுக்கு நூறு ரூபாய் எடுத்துக் கொடுத்து, "எங்கள் பிள்ளைகளும் படிக்கட்டும்" என்றார்கள். உண்டியலை உடைத்துக்கொண்டு வந்த நான்காம் வகுப்புச் சிறுமியும் உண்டு. ராயப்பரும் அங்காளம்மனும் அவர்கள் குடும்பங்களைக் காக்கட்டும்.

வருத்தத்தோடு ஒன்று சொல்கிறோம். பெரிய கடைகளும் மாடி வீடுகளும் உள்ள சில தெருக்களிலிருந்து இன்னும் ஒரு ரூபாய்கூட வரவில்லை. "பிறகு பார்க்கலாம்" என்ற பதிலை மூன்று முறை கேட்டுத் திரும்பியிருக்கிறோம். கூடையிறக்கிக் கொடுத்த அந்தத் தாய்மார்களை நினைத்துப் பாருங்கள்.

தொகை எவ்வளவாயினும் சரி. குழு உறுப்பினர்கள் ஞாயிறு காலை வீடுவீடாக வருவார்கள்; எண்ணிட்ட ரசீது இல்லாமல் யாரிடமும் பணம் கொடுக்க வேண்டாம். கொடுத்தவர் பெயர் ஒவ்வொன்றும் நூலின் கடைசிப் பக்கங்களில் அச்சாகும். மே 24 மாலைக்குப் பிறகு வரும் பெயர்களைச் சேர்க்க இயலாது.