ஒரு கை பெருசு, ஒரு கை சிறுசு: மதுரை ஜிம் மாஸ்டர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள மாஸ்டர்களுக்கு,

வணக்கம். செல்லூர், ஜெய்ஹிந்துபுரம், வில்லாபுரம், அண்ணாநகர் என்று எந்தப் பக்கம் போனாலும் ஒரு ஜிம் கண்ணில் படுகிறது. அங்கே பயிற்சி எடுக்கும் பிள்ளைகள் பலர் பிசியோதெரபிஸ்ட்டான என்னிடமும் வருகிறார்கள். "சார், இடது செஸ்ட் மட்டும் ஏறவே மாட்டேங்குது" என்று சட்டையைக் கழற்றிக் காட்டுவார்கள். மாஸ்டர் என்ன சொன்னார் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: "உனக்கு ஜெனெடிக்ஸ் அப்படி, விடுன்னுட்டார்."

பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அது ஒரு பையனுக்கும் பக்கத்துப் பையனுக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் அதிகம் தெரியும். ஒரே பையனின் இடது கைக்கும் வலது கைக்கும் ஜீன் ஒன்றேதான். ஆகவே இரண்டு பக்கமும் ஏறுமாறாக இருந்தால், பழியைப் பரம்பரைமேல் போடுவதற்கு முன்னால் வேறு காரணம் இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். நாம் பார்ப்பதில்லை.

ஆளுக்கு ஆள் வித்தியாசம் எவ்வளவு இருக்கும் என்பதற்கு 2005இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வைச் சொல்கிறேன். ஆண், பெண் சேர்த்து 585 பேர். எல்லோருக்கும் அன்றாடம் அதிகம் பயன்படுத்தாத கைக்கு மட்டும் 12 வாரம் ஒரே மாதிரிப் பயிற்சி. முடிவில் சிலருக்குப் பைசெப்ஸ் கொஞ்சமும் கூடவில்லை. அதிகபட்சமாகக் கூடியவருக்கு 59 சதவீதம். பயிற்சி ஒன்றுதான், பலன் ஆளுக்கு ஒரு விதம். ஆகவே கூட வந்தவன் மூன்று மாதத்தில் ஏறிவிட்டான் என்பதற்காக, ஏறாதவனைச் சோம்பேறி என்று எல்லோர் முன்னாலும் திட்டாதீர்கள்.

சதையின் வடிவமும் பிறப்பில் வருவது. பைசெப்ஸ் முழங்கை வரை இறங்குமா, இரண்டு விரல் இடைவெளி விட்டு நிற்குமா என்பது தசைநாரின் நீளத்தைப் பொறுத்தது. கெண்டைச்சதை மேலேயே நின்றுவிடுவதும் அப்படித்தான். வயிற்றுத்தசையைக் குறுக்கே பிரிக்கும் நார்ப்பட்டைகள் எத்தனை, அவை நேராக இருக்கின்றனவா கோணலாக இருக்கின்றனவா என்பது தாய் வயிற்றிலேயே முடிந்த கதை. சிக்ஸ் பேக் கோணலாக இருக்கிறதே என்று ஒரு பையன் ஆயிரம் கிரஞ்சஸ் போட்டாலும் அது நேராகாது. இதை முதல் மாதமே சொல்லிவிட்டால் அவனுடைய காசும் மிஞ்சும், மனசும் மிஞ்சும். ஊசி போட்டாலும் இது மாறாது. ஸ்டீராய்டு இடது வலது பார்த்து வேலை செய்வதில்லை. சொந்தமாகச் சுரக்கும் ஹார்மோனை அமுக்கிவிட்டு, இதயத்துக்கும் கேடு வைத்துவிட்டுப் போகும்.

சரி, கை மட்டும் ஏன் ஏறுமாறாகிறது? அவன் பகலில் என்ன வேலை செய்கிறான் என்று கேளுங்கள். மாட்டுத்தாவணியில் மூட்டையை எப்போதும் ஒரே தோளில் ஏற்றுகிறவன், பட்டறையில் நாள் முழுக்க வலது கையால் ஸ்பேனர் முறுக்குகிறவன், சாயங்காலம் வந்து பார்பெல்லைப் பிடித்தால் பலமான கைதான் பாரத்தை வாங்கிக்கொள்ளும். பெஞ்ச் பிரஸ்ஸில் அவன் தலைமாட்டில் நின்று பாருங்கள். பார் ஒரு பக்கம் முந்தி ஏறும், ஒரு முழங்கை வெளியே விரியும். இதற்கு வழி உங்களுக்கே தெரியும். கொஞ்ச நாள் டம்பெல்லுக்கு மாற்றுங்கள். பலவீனமான கையில் முதலில் தொடங்கட்டும். அது எத்தனை ரெப், அதாவது எத்தனை தடவை தூக்கியதோ, அத்தனையோடு மற்றக் கையும் நிற்கட்டும். பழைய தோள் அடி, முதுகெலும்பு வளைவு இருக்கிறதா என்றும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

இந்த மடலை எழுத வைத்தது வேறொன்று. பைக் மெக்கானிக் பையன் ஒருவன் வந்தான். தரையிலிருந்து பாரைத் தூக்கும் டெட்லிஃப்ட்டில் வலது கையிலிருந்து பார் நழுவுகிறது என்றான். இரண்டு கையையும் மேசைமேல் நீட்டி வைக்கச் சொன்னேன். வலது முன்கையில் சுண்டுவிரல் பக்கம் பள்ளம் விழுந்திருந்தது. விரல்கள் லேசாக நடுங்கின. வலி இல்லை. குளிர்ந்த தண்ணீரில் கை வைத்தால் விரல் மடங்க மறுக்கிறது என்றான். அவன் போன ஜிம்மில் ஜெனெடிக்ஸ் என்று சொல்லி, ஒன்றரை வருஷம் முன்கைப் பயிற்சியாகவே கொடுத்திருக்கிறார்கள்.

அது ஹிராயாமா நோய். 1959இல் ஜப்பானிய மருத்துவர் ஹிராயாமா விவரித்தது. இந்தியாவிலும் பார்க்கிறோம். பதின்வயதின் கடைசியிலும் இருபதுகளின் தொடக்கத்திலும், பெரும்பாலும் ஆண்களுக்கு வரும். அதாவது உங்கள் ஜிம்முக்கு வரும் அதே வயசுப் பிள்ளைகளுக்கு. கழுத்தைக் குனியும்போதெல்லாம் தண்டுவடம் முன்னால் தள்ளப்பட்டு அழுந்த, கைக்குப் போகும் நரம்பணுக்கள் சாகின்றன. சில வருஷம் கூடிக்கொண்டே போய்த் தானாக நிற்கும், ஆனால் போன சதை திரும்பாது. ஆரம்பத்திலேயே கண்டுபிடித்துக் கழுத்துப்பட்டை போட்டால் மேலும் மோசமாகாமல் பலருக்குத் தடுக்கலாம். அந்தப் பையனுக்குப் போன ஒன்றரை வருஷம்தான் அந்த ஆரம்பம். நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆறவில்லை.

ஆகவே உங்களிடம் கேட்பது இதுதான். சேர்க்கும் நாளில் இரண்டு கையையும், இரண்டு தொடையையும் டேப் வைத்து அளந்து நோட்டில் எழுதுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை திரும்ப அளந்து பாருங்கள். ஒரு பக்கம் வளராமல் இருப்பது வேறு, இருந்த சதை கரைவது வேறு. கரைந்தால், பிடி தளர்ந்தால், விரல் நடுங்கினால், தோள்பட்டை எலும்பு இறக்கை மாதிரி வெளியே தள்ளினால், அன்றைக்கே வெயிட்டை நிறுத்திவிட்டு அரசு ராஜாஜி மருத்துவமனையிலோ வேறு எங்கேயோ நரம்பியல் டாக்டரிடம் அனுப்புங்கள். கழுத்தை நேராக வைத்து எடுக்கும் எம்.ஆர்.ஐ.யில் ஹிராயாமா தவறிப்போகலாம். குனிந்த நிலையிலும் எடுக்க வேண்டுமா என்று டாக்டரிடம் கேட்கச் சொல்லி அனுப்புங்கள். வீட்டில் அப்பா அம்மாவிடம் காட்டாத கையை அந்தப் பிள்ளைகள் கண்ணாடி முன்னால் உங்களிடம்தான் காட்டுகிறார்கள்.

இப்படிக்கு,
மதுரையில் பணிபுரியும் ஒரு பிசியோதெரபிஸ்ட்