தங்கிவிட்ட பறவைகளைத் தேடவும் ஒரு குழு வேண்டும்

கிறிஸ்துமஸ் பறவைக் கணக்கெடுப்பின் வட்ட ஒருங்கிணைப்பாளர்களுக்கு,

வணக்கம். வட அமெரிக்காவில் ஆண்டுதோறும் தன்னார்வலர்கள் பறவைகளை எண்ணும் இந்தக் கணக்கெடுப்புக்காக, டிசம்பர் 14-க்கும் ஜனவரி 5-க்கும் இடையில் உங்கள் வட்டத்துக்கென, அதாவது நீங்கள் எண்ணும் வட்ட வடிவப் பகுதிக்கென, ஒரு நாளைக் குறித்து, எந்தப் பகுதிக்கு யார் போவது என்று இப்போது பிரித்துக்கொண்டிருப்பீர்கள். அந்த வேலை முடிவதற்குள் ஒரு வேண்டுகோள்: வலசை போகாமல் தங்கிவிட்ட பறவைகளையும் வழிதவறி வந்த அரிய பறவைகளையும் தற்செயலுக்கு விட்டுவிடாமல், அவற்றைத் தேடுவதற்கென்றே ஒரு சிறு குழுவைத் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் குழுவுக்குக் கிடைத்த பகுதி பெரியது என்பதால், பொழுது சாய்வதற்குள் முடிக்கும் அவசரத்தில் பெரும்பாலும் காரிலேயே சுற்றினோம். கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் வேலியோரம் கால் மணி நேரம் நிற்கலாம் என்று நான் சொன்னபோது, அங்கே என்ன இருக்கப்போகிறது என்று கேட்டுவிட்டுக் குழுத்தலைவர் வண்டியை நிறுத்தாமல் ஓட்டினார். இரண்டு நாள் கழித்துத் தனியாகப் போனேன். வேலிக் கம்பியில் ஈஸ்டர்ன் ஃபீபி என்ற பூச்சி பிடிக்கும் சிறு பறவை ஒன்று உட்கார்ந்து வாலைத் தாழ்த்தித் தாழ்த்தி ஆட்டிக்கொண்டிருந்தது. ஆவி பறக்கும் தொட்டியின் மேல் சட்டென்று பாய்ந்து எதையோ கவ்விக்கொண்டு, மறுபடி அதே கம்பிக்கு வந்தது. கணக்கெடுப்பு நாளுக்கு முன்னும் பின்னும் மும்மூன்று நாள்களைக் கணக்கெடுப்பு வாரமாகக் கொள்வது விதி என்பதால் அதன் பெயர் மட்டும் பதிவானது. அன்றைய எண்ணிக்கையில் அது சேரவில்லை.

அந்தப் பறவை அங்கே இருந்தது அதிர்ஷ்டம் அல்ல. பூச்சி தின்னும் பறவை உறைபனிக் காலத்தில் உயிரோடு இருக்கிறது என்றால், எங்கோ பூச்சியும் உயிரோடு இருக்கிறது என்று பொருள். சுத்திகரிப்பு நிலையத்தின் வெதுவெதுப்பான நீரில் சிறு கொசுவினங்கள் குளிரிலும் பொரிக்கின்றன. நிலத்தடி நீர் ஊறி வெளிவரும் ஓடைக்கரை உறையாமல் கிடக்கும். தெற்கு நோக்கிய சரிவில் பனி முதலில் கரையும். பழம் மிஞ்சியிருக்கும் முட்புதரில் கேட்பேர்டு, ஹெர்மிட் த்ரஷ் போன்ற பழமும் தின்னும் பறவைகள் ஒளிந்திருக்கலாம். கேட்பேர்டைக் கண்ணால் தேடுவதைவிடக் காதால் தேடுவது நல்லது, ஏனெனில் புதருக்குள்ளிருந்து பூனைக்குட்டி முனகுவது போன்ற ஒரு குரல்தான் பெரும்பாலும் முதலில் வரும். சிக்கடி என்னும் சிறு பறவைகளின் கூட்டத்தைக் கண்டால் எண்ணி முடித்ததும் நகர்ந்துவிடாமல், கடைசிப் பறவை கடந்து போகும்வரை நிற்க வேண்டும். கூட்டத்தின் வாலில் ஒரு கதிர்க்குருவி ஒட்டிக்கொண்டு வருவது உண்டு. கண்டத்தின் வடமேற்கில் கூடு கட்டும் ரூஃபஸ் ஹம்மிங் பறவை குளிர்காலத்தில் கிழக்கே வீடுகளின் சர்க்கரைநீர்ப் புட்டிகளுக்கு வருகிறது என்பதால், புட்டியை இன்னும் கழற்றாத வீடுகளை முன்கூட்டியே விசாரித்து வைப்பதும் இந்தக் குழுவின் வேலையாகலாம்.

இதற்கு நீங்கள் சொல்லக்கூடிய மறுப்பு எனக்குத் தெரியும், அது நியாயமானதும்கூட. 1900-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் பறவையியலாளர் ஃபிராங்க் சாப்மன் அழைப்பை ஏற்று 27 பேர் 25 இடங்களில் தொடங்கிய இந்தக் கணக்கெடுப்பு வரிசையின் மதிப்பு, ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிட முடிவதில்தான் இருக்கிறது. எல்லோரும் அரிய பறவையின் பின்னால் ஓடினால் சாதாரணச் சிட்டுகளை யார் எண்ணுவது? அதனால்தான் இருக்கும் குழுக்களைக் கலைக்கச் சொல்லவில்லை. அவை வழக்கமான தடத்தில், வழக்கமான வேகத்தில் போகட்டும். 24 கிலோமீட்டர் விட்டமுள்ள வட்டத்தில் இரண்டு மூன்று பேர் கொண்ட கூடுதல் குழு ஒன்று போதும். அவர்கள் செலவிட்ட நேரத்தையும் தொலைவையும் தனியே எழுதி வைத்தால், பறவை கூடியதா, தேடல் கூடியதா என்று பின்னால் பார்ப்பவர் பிரித்தறிய முடியும். தங்கிவிட்ட பறவைகளைப் பொறுத்தவரை நாளும் முக்கியம். டிசம்பர் நடுவில் எண்ணும் வட்டத்தில் கிடைக்கும் பறவை, முதல் கடுங்குளிருக்குப் பின் ஜனவரியில் எண்ணும் வட்டத்தில் மடிந்தோ தெற்கே நகர்ந்தோ போயிருக்கலாம்; ஆகவே நீர்நிலைகள் உறைந்திருந்தனவா என்ற குறிப்பும் பதிவில் இருக்கட்டும்.

அரிய பறவையைக் கண்டவர் அதே இடத்தில், பறவைகளை அடையாளம் காண உதவும் நூலைத் திறப்பதற்கு முன், கண்டதை எழுதிவிட வேண்டும் என்று வலியுறுத்துங்கள். இரவு உணவின்போது நினைவிலிருந்து எழுதப்படும் குறிப்பில், புத்தகத்துப் பறவையின் இறக்கைப் பட்டைகள் எப்படியோ வந்து ஒட்டிக்கொள்கின்றன. என் பழைய குறிப்புகளிலேயே அதைப் பார்த்து வெட்கப்பட்டிருக்கிறேன். ஒலிப்பதிவை ஓட்டிப் பறவையை வெளியே வரவழைப்பதையும் தடுத்துவிடுங்கள். குறுகிய பகலில் நீண்ட இரவுக்கு வேண்டிய இரையைத் தேடிக்கொண்டிருக்கும் உயிருக்கு ஒவ்வொரு பறத்தலும் செலவுதான்.

எங்கள் வட்டத்தின் ஒருங்கிணைப்பாளரும் இதைப் படிப்பார் என்று நம்புகிறேன். இந்த ஆண்டு அப்படியொரு குழு அமைந்தால், சுத்திகரிப்பு நிலையத்துக்குள் செல்ல அனுமதி வாங்கும் பொறுப்பை நானே ஏற்றுக்கொள்கிறேன். அனுமதி கிடைக்கச் சில வாரங்கள் பிடிக்கலாம் என்பதால், விரைவில் பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கணக்கெடுப்பாளர்களில் ஒருவர்