வைக்கிங்குகளை ஒரே அளவுகோலால் அளந்து எழுதுங்கள்: உலக வரலாற்றைத் தமிழில் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கும் பதிப்பாளர்களுக்கும் வணக்கம்.

வட ஐரோப்பாவின் கடலோடிகளான வைக்கிங்குகளும் பிற ஜெர்மானிய மக்களும் காட்டுமிராண்டிகளா, நாகரிகம் கண்டவர்களா என்ற கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் விடை தரும் பழக்கத்தைக் கைவிடுமாறு வேண்டியே இதை எழுதுகிறேன்.

793 ஜூன் 8 அன்று இங்கிலாந்தின் லிண்டிஸ்பார்ன் மடாலயத்தை வைக்கிங்குகள் சூறையாடினர். துறவியரைக் கொன்றனர், சிலரை அடிமைகளாக இழுத்துச் சென்றனர். இக்கொடுமையை மழுப்ப வேண்டியதில்லை. ஆனால் அதற்குப் 11 ஆண்டுகள் முன்பு, 782இல், இன்றைய ஜெர்மனியின் வெர்டன் என்னுமிடத்தில் சாக்சன் என்ற ஜெர்மானிய இனத்தவர் 4,500 பேரைப் பிராங்குகளின் அரசர் சார்லமேன் ஒரே நாளில் கொல்வித்ததாகப் பிராங்கு அரசின் ஆண்டுக்குறிப்பே பதிவு செய்கிறது. பிராங்குகளும் ஜெர்மானிய வழியினரே. ஆயினும் திருச்சபையும் எழுத்தறிந்த துறவியரும் அவர்கள் பக்கம் நின்றதால், சார்லமேன் ஐரோப்பாவின் தந்தையாகவும் வைக்கிங்குகள் வெறும் கொலைகாரர்களாகவும் நம் நூல்கள் வரை வந்து சேர்ந்துள்ளனர்.

நார்வேயில் 1880இல் ஒரு புதைமேட்டிலிருந்து அகழ்ந்தெடுக்கப்பட்ட கோக்ஸ்டாட் கப்பலைக் கூர்ந்து நோக்குங்கள். ஏறத்தாழ 23 மீட்டர் நீளமுள்ள அதன் கருவாலிப் பலகைகள் ஒன்றன்மேல் ஒன்றாக விளிம்பு படிந்து இரும்பு ஆணிகளால் பிணைக்கப்பட்டவை; பாய் விரித்து ஓடும்போது கடல்நீர் புகாதபடி துடுப்புத் துளை ஒவ்வொன்றுக்கும் மரமூடி அமைத்திருந்தனர். அதில் புதைக்கப்பட்ட தலைவனுடன் ஒரு மயிலின் எலும்புகளும் கிடைத்தன. தெற்காசியாவைத் தாயகமாகக் கொண்ட பறவை நார்வேயின் கல்லறை வரை சென்றதென்றால், அம்மக்களின் தொடர்புகள் எவ்வளவு தொலைவு நீண்டிருக்க வேண்டும்!

இத்தகைய கலங்களில்தான் பிடிபட்ட மனிதர்களும் அயர்லாந்தின் டப்ளின் அடிமைச் சந்தைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். 930 வாக்கில் ஐஸ்லாந்தில் தொடங்கிய ஆல்திங் பேரவையில், சட்டம் முழுவதையும் மனப்பாடமாக மூன்றாண்டுகளில் ஓதி முடிக்கும் மரபு இருந்தது. அடிமைகளுக்கோ அங்கு வாய் திறக்க உரிமையில்லை. ஆகவே கப்பலுக்கு ஓர் அத்தியாயமும் கொள்ளைக்கு வேறோர் அத்தியாயமும் ஒதுக்காமல், இரண்டையும் சேர்த்தே எழுதுங்கள். லிண்டிஸ்பார்ன் இடம்பெறும் பக்கத்திலேயே வெர்டனும் இடம்பெறட்டும். 19ஆம் நூற்றாண்டு ஓபரா மேடை பரப்பிய கொம்பு வைத்த தலைக்கவசத்தை அட்டைப்படத்திலிருந்து நீக்கிவிடுங்கள்.

இப்படிக்கு,
வரலாற்று வாசகர் ஒருவர்