பெற்றோரிடம் பேசவும் பயிற்சி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பி.எட். படிப்பை இரண்டு ஆண்டுகளாக்கிய 2014ஆம் ஆண்டு விதிமுறைகள், அதில் 20 வாரங்களைப் பள்ளிக் களப்பணிக்கு ஒதுக்கின. அந்த வாரங்களில் பயிற்சி மாணவர்கள் பாடக்குறிப்பு எழுதுகிறார்கள், துணைக்கருவி செய்கிறார்கள், பதிவேடுகளை நிரப்புகிறார்கள். ஆனால், நான் பணியாற்றிய பள்ளிகளுக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் ஒரு தாயுடனோ தந்தையுடனோ உட்கார்ந்து பேசாமலேயே பயிற்சியை முடித்துச் சென்றார்கள். குழந்தையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் ஆகியவற்றைப் பெற்றோரைச் சந்தித்துத் தெரிவிப்பதை 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 24ஆம் பிரிவில், ஆசிரியரின் கடமையாகவே வைத்திருக்கிறது. கடமை என்று சட்டம் சொல்வதைப் பயிற்சியில் தொடாமல் விடுவது எப்படிச் சரியாகும்?

எங்கள் பகுதியில் இது எளிய வேலையன்று. திருப்பூர் பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் பார்க்கும் தாயால், தைத்த எண்ணிக்கைக்கேற்பக் கிடைக்கும் பீஸ் ரேட் கூலியை விட்டுவிட்டுப் பிற்பகல் மூன்று மணிக் கூட்டத்துக்கு வர முடியாது; வராததை அக்கறையின்மை என்று எழுதிவிடுவது நமக்கு வசதியாக இருக்கிறது, அவ்வளவுதான். வந்தாலும், "பையன் ஏதாச்சும் தப்புப் பண்ணிட்டானுங்களா டீச்சர்?" என்பதே முதல் கேள்வி. புகார் சொல்ல மட்டுமே பள்ளி கூப்பிடும் என்று அவர்கள் பழகியிருக்கிறார்கள். மகனுக்கு இன்னும் கூட்டிப் படிக்க வரவில்லை என்பதை அந்தத் தாய் குன்றிப்போகாதபடி எப்படிச் சொல்வது, எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் "வீட்டில் சொல்லிக் கொடுங்கள்" என்னாமல் "இன்று என்ன படித்தாய் என்று கேட்டு, அவன் சொல்வதைக் கேளுங்கள்" என்று எப்படிக் கேட்டுக்கொள்வது என்பதெல்லாம் பாடநூலைப் படித்து வருவதில்லை. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த குடும்பங்களிடம் பேசும்போது அந்தக் குழந்தையையே மொழிபெயர்க்கச் சொல்கிறோம். தன் குறையைத் தானே பெற்றோருக்கு எடுத்துச் சொல்ல வேண்டிய நிலையில் குழந்தையை நிறுத்துகிறோம் என்பது பலருக்கு உறைப்பதேயில்லை.

எனவே ஒவ்வொரு பயிற்சி மாணவரும் நான்கைந்து குழந்தைகளின் குடும்பத்தினரை, வகுப்பாசிரியர் உடனிருக்க, பயிற்சித் தொடக்கத்தில் ஒரு முறையும் முடிவில் ஒரு முறையும் சந்திக்கட்டும். கையில் அந்தக் குழந்தையின் நோட்டுப் புத்தகம் இருக்க வேண்டும். பேச்சு குழந்தை அதில் செய்திருப்பதிலிருந்து தொடங்க வேண்டும். வீட்டு வருமானத்தையும் குடும்ப விவகாரத்தையும் துருவக் கூடாது. அதற்கு முன் கல்லூரி வகுப்பறையிலேயே ஒருவர் தாயாகவும் மற்றவர் ஆசிரியராகவும் இருந்து பேசிப் பார்க்கலாம். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோரே என்பதால், அதன் கூட்டம் ஒன்றில் உட்கார்ந்து கவனிப்பதும் பயன் தரும். இதற்கும் ஒரு பதிவேடு போட்டுவிட வேண்டாம், இருப்பவையே போதும். அகமதிப்பீட்டு மதிப்பெண்ணில் ஒரு பங்கை வகுப்பாசிரியரின் கருத்தைக் கேட்டு இதற்கு வழங்கினால், மாணவர்கள் இதைப் பொருட்படுத்துவார்கள். சந்திப்புகளை மாலையிலோ ஞாயிற்றுக்கிழமையிலோ வைத்து, அதற்கு ஈடாகப் பயிற்சி மாணவருக்கு ஒரு வேலைநாளை விட்டுக்கொடுக்கக் கல்லூரிகள் முன்வர வேண்டும்.

இப்படிக்கு,
பணி நிறைவு பெற்ற தலைமையாசிரியை,
பல்லடம்.