விஆர் ஆட்டத்துக்கு வீட்டில் இடமில்லை, சமூக மன்றத்தில் இருக்கிறது

அன்புள்ள ஆசிரியருக்கு,

மெய்நிகர் (விஆர்) விளையாட்டு காசைக் கரியாக்கும் வேலை, சில ஆண்டுகளில் காணாமல் போய்விடும் என்று சென்ற வாரம் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். காசு விஷயத்தில் அவர் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதை ஒருமுறையாவது ஆடிப் பார்த்தாரா என்று தெரியவில்லை.

எனக்கு வயது 56. மகன் தேசிய சேவைக்குப் போகுமுன் பழைய பொருள் விற்கும் கரோசல் தளத்தில், கண்ணை மூடி மாட்டிக்கொள்ளும் விஆர் ஹெட்செட் ஒன்று வாங்கினான். அவன் முகாமுக்குப் போனதும் அது அலமாரி மேல் ஏறிவிட்டது. மழையால் மாலை நடை கெட்டுப்போன ஒரு நாள் அதை எடுத்து மாட்டினேன். முதலில் திறந்தது ஒரு ரோலர் கோஸ்டர். ஐந்தே நிமிடத்தில் தலை சுற்றி, இரவுச் சாப்பாடும் வேண்டாமென்று படுத்துவிட்டேன். கண் ‘ஓடுகிறேன்’ என்கிறது, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு ‘நிற்கிறேன்’ என்கிறது. இரண்டும் ஒத்துப்போகாததால் வரும் குமட்டல் அது. வாரயிறுதியில் வீட்டுக்கு வந்த மகன், “அம்மா, நின்ன இடத்துல ஆடுறதை ஆடுங்க” என்று பீட் சேபரைப் போட்டுக்கொடுத்தான். பாட்டின் தாளத்துக்குப் பறந்து வரும் கட்டைகளை இரண்டு கையிலும் உள்ள ஒளிவாளால் வெட்ட வேண்டும். கண் பார்ப்பதும் உடம்பு அசைவதும் ஒன்றாகவே இருப்பதால் தலை சுற்றவில்லை. எதிரே ஒரு மின்விசிறியை வைக்கச் சொன்னான். வியர்வைக்கு மட்டுமல்ல, காற்று முகத்தில் படும்வரை எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறோம் என்பது தெரியும்.

இப்போது வாரத்தில் நான்கு நாள், 20 நிமிடம் ஆடுகிறேன். சட்டை நனைந்துவிடும். பள்ளிக்கூடத்தில் கும்மி அடித்த பிறகு, தாளத்துக்குக் கைவீசி நான் ஆடியது இதுதான். ஆடத் தகுந்ததா என்று கேட்டால், தகுந்தது என்று தயங்காமல் சொல்வேன்.

சரி, இவ்வளவு நல்லதாக இருந்தால் ஏன் விற்கவில்லை? ஃபேஸ்புக் நிறுவனம் 2014இல் விஆர் ஹெட்செட் செய்யும் ஆக்குலஸை ஏறக்குறைய 2 பில்லியன் அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கியது. இன்று மெட்டா என்று பெயர் மாறிய அதே நிறுவனத்தின் விஆர் வேலைகளைக் கவனிக்கும் ரியாலிட்டி லேப்ஸ் பிரிவு, 2024இல் மட்டும் 17.7 பில்லியன் டாலர் நட்டம் காட்டியது. திறன் மூக்குக்கண்ணாடிச் செலவும் அதில் அடக்கம் என்றாலும், பெரிய தொகைதான். சோனியின் முதல் பிளேஸ்டேஷன் விஆர் ஹெட்செட் 2019 முடிவுக்குள் 5 மில்லியனுக்கு மேல் விற்றது. கேட்கப் பெரிதாக இருக்கும். ஆனால் அதைப் பொருத்தி ஆட வேண்டிய பிளேஸ்டேஷன் 4 விளையாட்டுக் கருவி அப்போது 100 மில்லியனைத் தாண்டியிருந்தது. இருபது பேரில் ஒருவர் வாங்கியிருப்பார், அவ்வளவுதான். ஆப்பிளின் விஷன் புரோ ஹெட்செட் 2024இல் இங்கே சிங்கப்பூருக்கு வந்தபோது விலை 5,299 வெள்ளி. வாங்குபவர் குறைவென்றால் விளையாட்டு செய்பவரும் குறைவு. விளையாட்டு குறைந்தால் யார் வாங்குவார்?

இதோடு நம் ஊருக்கென்று இன்னொரு தடை இருக்கிறது. நடமாடி ஆட 2 மீட்டருக்கு 2 மீட்டர் காலி இடம் வேண்டும். எங்கள் நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் ஒவ்வொரு முறையும் சோபாவை நகர்த்தி, காப்பி மேசையைப் படுக்கையறைக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கிறது. அலுத்துப்போய்த்தான் பலர் வீட்டில் ஹெட்செட் தூசி படிந்து கிடக்கிறது. கடைத்தொகுதி விஆர் கூடங்களுக்கு வாடகை ஒரு பக்கம், ஒவ்வொருவருக்கும் மாட்டிவிட்டு, துடைத்து, பக்கத்தில் நிற்கும் ஊழியருக்குச் சம்பளம் ஒரு பக்கம். ஐமேக்ஸ் போன்ற பெரிய பெயரே அந்தத் தொழிலைத் தொடங்கி 2019இல் விட்டுவிட்டது.

இந்தத் தொழில் தொலைக்காட்சியைப் போல வீட்டுக்கு ஒன்று விற்றுத் தீரும் என்று எதிர்பார்த்ததுதான் பிழை என்று நினைக்கிறேன். பூப்பந்து ஆட யாரும் வீட்டில் தளம் கட்டுவதில்லை. சமூக மன்றத்தில் மணிக்கணக்கில் பதிவு செய்து ஆடுகிறோம், கராவோக்கே அறையையும் அப்படித்தான் எடுக்கிறோம். அதேபோல ஓர் அறை, இரண்டு ஹெட்செட், ஒரு விசிறி, மாட்டிவிட ஒருவர் இருந்தால் போதாதா? மூத்தோரில் கால் தடுமாறுபவர்களுக்கு நாற்காலியில் உட்கார்ந்து ஆடும் ஆட்டங்களும் உண்டு. சிறு பிள்ளைகளுக்கு வேண்டாம். மெட்டாவே 10 வயதுக்குக் குறைந்தவர்களை அனுமதிப்பதில்லை.

போன மாதம் எங்கள் புளோக்கில் இருக்கும் 71 வயது அக்கா ஒருவருக்கு மாட்டிவிட்டேன். ஒரு பாட்டு முடிந்ததும் கழற்றச் சொல்வார் என்று நினைத்தேன், நான்கு பாட்டு ஆடினார். எங்கள் வட்டாரச் சமூக மன்றம் ஓர் அறை ஒதுக்கினால், சனிக்கிழமை காலைகளில் தொண்டூழியராக வந்து மாட்டிவிட நான் தயார். ஹெட்செட்டையும் கொண்டுவருகிறேன், மகனிடம் கேட்டுவிட்டேன்.

இப்படிக்கு,
வாசகி,
சுவா சூ காங்